கண்ணை மூடிச் சுடுகிறவன்

மார்ச் 3, வெள்ளி

தோள் கழன்று விழும்போல் இருக்கிறது. இன்று ஓடிக்கொண்டே சுடும் பயிற்சி. உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, இடப்பக்கம் நகர்ந்தபடி முதல் குறி அட்டைக்கு இரண்டு குண்டு. தடுப்புப் பலகைக்குப் பின்னால் போய் மேகசின் மாற்றி, மறுபக்கம் வெளியே வந்து அடுத்த அட்டைக்கு இரண்டு. கால் ஓடலாம், கை ஓடக்கூடாது என்கிறாள் மிர்னா. பயிற்சி தருகிறவள் அவள்தான். காவல் படையிலிருந்து விலகி, ஷ்தூரா சாலையில் பாழடைந்து கிடந்த ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் அடித்தளத்தில் இந்தத் துப்பாக்கி ரேஞ்சை நடத்துகிறாள்.

அட்டைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்த அட்டை உனக்கு என்னடி கெடுதல் பண்ணுச்சு? நெஞ்சுல பட்டாலே புள்ளி உண்டு. நீ மூஞ்சியிலயே போட்டுத் தள்ற."

"பழக்கமாயிடுச்சு" என்றேன்.

பழுப்பு அட்டைக்கு முகம் கிடையாது. நான்தான் வரைகிறேன், மனத்தால். அகன்ற தாடை, இடது புருவத்தில் ஒரு வெட்டு. ரம்ஸி. எங்கள் தெரு முழுவதற்கும் ஜெனரேட்டர் மின்சாரம் விற்கும் வீட்டின் மூத்த மகன். போன செப்டம்பரில் தன் தங்கையின் கல்யாணத்தன்று மாடியில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டான். மேலே போனது கீழே வரத்தான் செய்யும். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்துகொண்டிருந்த என் தம்பி இஸ்கந்தரின் கழுத்தில் வந்து இறங்கியது.

அவனுக்கு இருபத்தாறு வயது. கையில் குறடு இருந்தது.

மார்ச் 5, ஞாயிறு

கோயிலில் ரம்ஸியின் அம்மா எனக்கு இரண்டு வரிசை முன்னால். மெழுகுவத்தி ஏற்றினாள். யாருக்காக? மகனுக்காகவா, என் தம்பிக்காகவா? திரும்பிப் பார்த்தவள் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பன்னிரண்டு வருடம் பெய்ரூத்தில் செயற்கைப் பல் செய்துகொண்டிருந்தேன். தம்பியைப் புதைக்க வந்தவள் அப்பாவுக்காக இங்கேயே தங்கிவிட்டேன். இந்தத் தெருவில் என் முகம் புதியது. நல்லதுதான்.

மார்ச் 8, புதன்

இங்கே கிடைத்த பல் வேலையில் ஒரு பல்வரிசையை உடைத்துவிட்டேன். நடுங்கிய கை அல்ல, இறுகிய கை.

மார்ச் 12, ஞாயிறு

சாயங்காலம் அப்பா மறுபடியும் தொடங்கினார். பேட்டரி விளக்கில் அவருக்குக் கண் தெரியவில்லையாம்.

"எல்லார் வீட்டுலயும் வெளிச்சம் இருக்கு நஜ்லா. நம்ம வீடு மட்டும் குகை மாதிரி கெடக்கு. நீ வெட்டச் சொன்ன ஜெனரேட்டர் கம்பியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லேன்."

"அவன் வீட்டு வெளிச்சத்துல சோறு எறங்குமாப்பா உங்களுக்கு?"

அப்பா வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சவாரி எதுவும் இல்லாமல் சும்மா வண்டியில் உட்கார்ந்திருப்பார் என்று தெரியும்.

நவம்பரில் அவர்கள் வந்தார்கள். முன்னால் ஊர்ப் பெரியவர்கள், பின்னால் கோட்டு போட்ட சித்தப்பன்மார், கடைசியில் தலை குனிந்த ரம்ஸி. பெண்களை உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கதவு வழியாகத்தான் கேட்டேன். "கல்யாணத்துக்கு வந்தவங்க எத்தனையோ பேர் சுட்டாங்க தௌஃபீக். யார் குண்டுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். இது விதி. இதுல யார் கையும் இல்ல." பிறகு கோப்பைகளின் சத்தம். என் அப்பா அவர்கள் முன்னால் கசப்புக் காபியை வாங்கிக் குடித்தார். அத்தோடு சமாதானம். அத்தோடு வழக்கும் வாபஸ். என்னை யாரும் கேட்கவில்லை.

விதியாம். விதிக்குப் புருவத்தில் வெட்டு இருக்குமா?

மார்ச் 17, வெள்ளி

இன்று வெள்ளை அட்டைகளும் வைத்தார்கள். பழுப்பு அட்டையை ஒட்டி, பாதி மறைத்தபடி, ஒரு வெள்ளை அட்டை நிற்கும். அது சம்பந்தமில்லாத ஆள். அதில் பட்டால் புள்ளி போகும். எனக்கு ஒன்றுகூடப் படவில்லை.

கால்நடை டாக்டர் ஹன்னாவுக்கு மூன்று பட்டுவிட்டது. தொப்பையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "பல்லுக்காரி, உன் கைக்கு என்னம்மா தீனி போடற? நான் மாட்டுக்கு ஊசி போட்டாலே பக்கத்து மாட்டுக்குப் போயிடுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே ஒன்று தோன்றியது. ரேஞ்சின் துப்பாக்கி ரேஞ்சைவிட்டு வெளியே போகாது. தம்பியின் வேட்டைத் துப்பாக்கியை அப்பா விற்றுவிட்டார். கை தயார், கருவி இல்லை. ஜெனரேட்டர் கொட்டகை வாசலில் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு நாய், புகை இழுக்க ஒரு நர்கீலா. கடந்து போகும்போதெல்லாம் தூரத்தைக் கண்ணால் அளக்கிறேன்.

மார்ச் 24, வெள்ளி

வந்திருந்தான்.

அவன்தான்! என் ரேஞ்சுக்கு. புது உறை, புது பெல்ட், இத்தாலியக் கண்ணாடி. கூட இரண்டு நண்பர்கள். மிர்னா எல்லோரையும் அறிமுகப்படுத்தினாள்: "இது நஜ்லா. எங்க குழுவுலயே வேகமான கை." கை நீட்டினான். கையுறையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"உங்களைப் பார்த்துக் கத்துக்கணும் மேடம்" என்றான்.

கத்துக்கோடா. நல்லா பாத்துக் கத்துக்கோ.

மார்ச் 25, சனி

நான் அவனைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அவனே வருவான்.

மார்ச் 31, வெள்ளி

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அவன் சுடும்போது கண்ணை மூடிக்கொள்கிறான்.

முதலில் கண்ணாடியின் பிரதிபலிப்பு என்று நினைத்தேன். பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன். விசையை இழுப்பதற்கு ஒரு கணம் முன்னால் முகம் சுருங்குகிறது, இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொள்கின்றன. வெடித்த பிறகுதான் திறக்கின்றன. சத்தத்துக்குப் பயப்படும் குழந்தை மாதிரி. ஒவ்வொரு குண்டுக்கும் அப்படித்தான். மிர்னா கண்டுபிடித்து வெற்றுத் தோட்டா போட்டுப் பழக வைத்தாள். அதற்கும் மூடினான். நண்பர்கள் சிரித்தார்கள்.

"இதுக்குத்தான் வந்தேன் மேடம். இவனுங்க கேலி தாங்கல. சத்தம் கேட்டா ஒடம்பு தானா குலுங்குது, சின்ன வயசுலேர்ந்து" என்று என்னிடம் சொன்னான். என்னிடம்!

அப்படியானால் அன்றும்? தங்கையின் கல்யாணத்தில், மாடியில், கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டிருக்கிறான். குண்டு எங்கே போனது என்றுகூடப் பார்க்கவில்லை. என் தம்பி செத்ததை அவன் பார்க்கவே இல்லை. கோபத்தில் கொன்றிருந்தால்கூட ஒரு நொடியாவது இஸ்கந்தரைப் பார்த்திருப்பான். இவன் எதையுமே பாக்கலியே. பாக்காமலேயே முடிச்சிட்டானே, பாவி.

கடைசிச் சுற்றில் வெள்ளை அட்டையின் நெற்றியில் ஒரு ஓட்டை. அவனுடையதுதான். சிரித்துக்கொண்டே கேட்டான்: "அவன் ஏன் நடுவுல வந்து நிக்கறான்?"

துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் படியேறி வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

ஊர்வலம். இயேசுவின் சவப்பெட்டிமீது பூ. பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். அப்பா அழுதார். நான் பாடவில்லை. பிலாத்து 'என்மேல் பழி இல்லை' என்று கை கழுவிய இடம் வந்ததும் எனக்கு நவம்பர் மாதக் காபிதான் நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 14, வெள்ளி

மிர்னா இன்று டைமரை என்னிடம் கொடுத்தாள். சுடுகிறவன் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, 'தயாரா' என்று கேட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். அவன் முறை வந்தது. அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புதிதாக முடிவெட்டிய பிடரி. சட்டைக் காலருக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைத் தோல். இஸ்கந்தருக்குப் பட்டதும் அங்கேதான்.

"தயாரா?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. விபத்து. அந்த ஒரு சொல்தான் வேண்டும். அவர்களுக்கு அது இருந்தது. எனக்கும் இருக்கலாம். ரேஞ்சில் விபத்து நடக்காதா என்ன? நடந்தால் அப்பா ஊர்ப் பெரியவர்களோடு அவர்கள் வீட்டுக்குப் போவார். "இது விதி. யார் கையும் இல்லை" என்பார்கள். அவர்கள் காபி தருவார்கள். கசப்பாக, ஏலக்காய் போட்டு.

நினைக்க நினைக்க இனித்தது. பொய் எழுத மாட்டேன், இனித்தது.

ஏப்ரல் 21, வெள்ளி

முறைப்படி எழுதுகிறேன். இல்லையென்றால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

என் முறை. மிர்னா டைமரோடு என் பின்னால். மற்றவர்கள் கயிற்றுக்குப் பின்னால் பெஞ்சில். டைமர் ஒலித்தது. உருவினேன், இடப்பக்கம் நகர்ந்தேன், முதல் அட்டைக்கு இரண்டு. நல்ல குண்டுகள், தெரிந்தது. பலகைக்குப் பின்னால் போய் மேகசினை மாற்றினேன். வலப்பக்கம் வெளியே வந்தேன்.

இரண்டாவது அட்டைக்கும் வெள்ளை அட்டைக்கும் நடுவில் ரம்ஸி நின்றிருந்தான்.

போன சுற்றில் ஓட்டை ஒட்டப் போனபோது அட்டைத் தாங்கியின்மேல் தொலைபேசியை வைத்து மறந்துவிட்டிருக்கிறான். அது அடித்ததும், பலகை மறைவில், சுவரோரமாக முன்னால் போயிருக்கிறான். யாரும் பார்க்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தான். காதுமூடியை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, "ஹலோ, கேக்குதா?" என்றான்.

துப்பாக்கி என் கண் உயரத்தில் இருந்தது. குறிமுள்ளுக்கு மேலே அந்தப் பிடரி.

எல்லாமே கிடைத்துவிட்டது. தப்பு அவனுடையது. சாட்சிகள் இருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த பெண், பாதையில் வந்து நின்ற முட்டாள். ஒரு விரலை மடக்கினால் போதும். நான் கேட்டதைக் கடவுள் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

நான் எதையும் முடிவு செய்யவில்லை. இரக்கம் வரவில்லை. தம்பியின் முகம் வரவில்லை, பாதிரியாரின் சொல்லும் வரவில்லை. விரல் ஏற்கெனவே விசையைவிட்டு வெளியே நீண்டு, துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. முனை தரையைப் பார்த்திருந்தது. ஆறு மாதமாக ஒவ்வொரு வாரமும் பழக்கிய கை, என்னைக் கேட்காமல் தன் வேலையைச் செய்துவிட்டது.

பிறகுதான் கத்தினேன். "நிறுத்து!" என்று கத்தியது மிர்னாவா, நானா? இரண்டு பேரும் என்கிறார் ஹன்னா.

மிர்னா என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, தோட்டாவை வெளியே எடுத்து, மேசையில் வைத்தாள். அப்புறம் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"அறிவிருக்கா? செத்திருப்ப! இந்நேரம் செத்திருப்ப!"

"ஒண்ணும் ஆகலையே மிர்னா, விடு" என்று சிரித்தான். "மேடம் கை வேகம்னு சொன்னாங்க, உண்மைதான்."

அந்தச் சிரிப்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"செப்டம்பர்ல மாடியில நின்னு சுட்டியே, அப்பவும் ஒண்ணும் ஆகலையா?" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"தௌஃபீக் வேன்காரர் மக நான். இஸ்கந்தர் என் தம்பி."

அவன் நண்பர்களைப் பார்த்தான், மிர்னாவைப் பார்த்தான். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"உங்கப்பா... உங்கப்பாதான் எங்க காபியைக் குடிச்சாரே."

"நான் குடிக்கல."

"வேணும்னு பண்ணலை! மேல பாத்துதானே சுட்டேன்! யார் மேலயும் குறி வெக்கலையே நான்! எல்லாரும் சுடறதுதானே!"

பெஞ்சிலிருந்து ஹன்னா மெதுவாக எழுந்தார். எப்போதும் விளையாடும் அந்த மனிதரின் முகத்தில் விளையாட்டே இல்லை.

"இரு. இப்ப என்ன சொன்ன? வந்தவங்க யாரோ சுட்டதுன்னுதானே ஊருக்கெல்லாம் சொன்னீங்க. நீயா சுட்ட?"

ரம்ஸி உறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் படியேறிப் போனான். நண்பர்கள் பின்னாலேயே போனார்கள். ஒருவன் மட்டும் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 22, சனி

என் கையை வெறுக்கிறேன்.

பின்னேரம்: மிர்னா தொலைபேசியில் பேசினாள். குரல் பனிக்கட்டி. "ஒண்ணு கேக்கறேன். நீ முதல் நாள் என்கிட்ட வந்தது இதுக்குத்தானா?"

ஆமாம் என்றேன்.

அவள் சொன்னாள்: "என் பிள்ளைங்க சாப்பிடற சோறு அந்த ரேஞ்ச். அதுல ரத்தம் சிந்த வந்திருக்க. அவனும் வரக்கூடாது, நீயும் வரக்கூடாது." வைத்துவிட்டாள்.

நியாயம்தான். ஆனாலும் வலித்தது. அவளைத் தவிர எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 24, திங்கள்

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. வேனில் ஏறிய யாரோ சொல்லியிருக்கிறார்கள். மதியமே வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றார். அறைவார் என்று நினைத்தேன்.

"அவன் முதுகு உன் எதிர்ல இருந்துச்சாமே?"

"இருந்துச்சு."

"அப்புறம்?"

"கை இறங்கிடுச்சுப்பா."

அப்படியே நாற்காலியில் சரிந்தார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"நான் ஏன் அந்தக் காபியைக் குடிச்சேன்னு ஒரு தடவையாவது கேட்டியா நீ? கோழைன்னு முடிவு பண்ணிட்ட. அன்னிக்குக் கல்லறையில உன் கண்ணைப் பாத்தேன் நஜ்லா. இவ ஏதாவது பண்ணிடுவா, அப்புறம் அவங்க இவளைப் பண்ணுவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு ரெண்டு புள்ள. ஒண்ணைப் புதைச்சிட்டேன். ரெண்டாவதுக்காக விஷத்தைக் குடுத்திருந்தாலும் குடிச்சிருப்பேன். அவனுங்க காபிதான் குடுத்தானுங்க."

துப்பாக்கியை விற்றதும் அதற்காகத்தான். நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் தலையில் கை வைத்தார், பாரமான கை, ஸ்டியரிங் பிடித்துத் தடித்த கை.

மே 3, புதன்

மிர்னா வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு டப்பா பக்லாவா இனிப்பு, முகத்தில் இன்னும் கோபம்.

"உன்னை மன்னிக்க வரலை" என்று ஆரம்பித்தாள். "காவல் படையில பதினோரு வருஷம் இருந்தேன். ஒருத்தன் என் காதுக்கு நேரா, நான்தான் சுட்டேன்னு சொல்லிட்டுப் போறான். அதைக் கேட்டுட்டு நான் பேசாம இருக்கணுமா? ஹன்னாவும் சொல்லத் தயார். அவனோட வந்த ஒருத்தனும் நேத்து என்கிட்ட பேசினான். கல்யாண மாடியில அவனும் நின்னிருக்கான். தூக்கம் வரலையாம்."

வக்கீலிடம் அவளே விசாரித்திருந்தாள். குடும்பம் வழக்கைக் கைவிட்டாலும் அரசின் வழக்கு அப்படியே இருக்குமாம், யாராவது தட்டி எழுப்பினால் போதுமாம்.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். "வேன் இருக்கு. எப்ப போகணும், சொல்லுங்க."

"நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தவராச்சே அய்யா?"

"குடுத்தேன். இப்ப அந்த வாபஸ் வேண்டாம்னு சொல்லப் போறேன். அவங்க கேட்டா, காபி ஆறிடுச்சுன்னு சொல்றேன்."

மிர்னா சிரித்துவிட்டாள். முதல் முறை. என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

மே 19, வெள்ளி

நீதிமன்றத்தில் மனுக் கொடுத்த மறுவாரமே வேனின் நான்கு டயரும் கிழிக்கப்பட்டிருந்தன. கீழ்வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டாள். நேற்றுவரை எங்களுக்குத் தக்காளி கொடுத்தவள். ஜெனரேட்டர் வீட்டைப் பகைத்துக்கொண்டால் அவள் குளிர்பெட்டி என்னாகும்? புரிகிறது. புரிந்தாலும் எரிகிறது.

ஹன்னா தன் பழைய ஜீப்பில் வந்து அப்பாவை வக்கீலிடம் அழைத்துப் போனார். வண்டி முழுக்க ஆட்டு வாடை. "கன்னுக்குட்டியை ஏத்திட்டுப் போயிருக்கேன், மனுஷனை ஏத்த மாட்டனா?"

மே 27, சனி

ஒரு கிழவர் மூலம் தூது வந்தது. மறுபடியும் பேசலாமாம். ரம்ஸி என் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கத் தயாராம், நான் வாபஸ் வாங்கினால்.

நிஜமாகவே ஒரு மணி நேரம் யோசித்தேன். அவன் மண்டியிடுவதைப் பார்க்க எவ்வளவு ஆசை! அந்தப் பிடரி என் கண்ணுக்குக் கீழே. பிறகு, ஊர் பார்க்கும் வரைக்கும்தான் மண்டியிடுவான், அப்போதும் கண்ணை மூடித்தான் இருப்பான் என்று தோன்றியது.

முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அப்பா வாசல்வரை வந்து கிழவரை மரியாதையாக வழியனுப்பினார்.

ஜூன் 13, செவ்வாய்

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு மின்விசிறி. அவர்கள் அந்தப் பெஞ்ச், நாங்கள் இந்தப் பெஞ்ச். மிர்னா முதலில் உள்ளே போனாள். அடுத்து ஹன்னா, கழுத்துப்பட்டை கட்டி, மூச்சுத் திணறியபடி. அப்புறம் அந்த நண்பன், யாரையும் பார்க்காமல். கடைசியில் ரம்ஸி.

வெளியே வந்தபோது அவனுக்கு இரண்டு பக்கமும் காவலர்கள். விசாரணை முடியும்வரை உள்ளேதான் என்று வக்கீல் காதில் சொன்னார். அங்கேயே பெல்ட்டையும் ஷூ லேஸையும் கழற்றச் சொன்னார்கள். குனிந்து லேஸை உருவினான். விரல் கேட்கவில்லை. ஒரு லேஸ் முடிச்சு விழுந்து மாட்டிக்கொண்டது. அவன் அம்மா எழுந்துபோய் முழங்காலிட்டு முடிச்சை அவிழ்த்தாள். லேஸை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நேராக, கண்ணைத் திறந்து. நானும் பார்த்தேன். அவன்தான் முதலில் தலையைத் திருப்பினான்.

நடக்கும்போது லேஸ் இல்லாத ஷூ குதிகாலில் அடித்து அடித்துச் சத்தம் போட்டது. தாழ்வாரம் முடியும்வரை கேட்டது.

சந்தோஷமா என்று அப்பா வண்டியில் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த அம்மாவைப் பார்த்த பிறகு கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

வழியில் கல்லறை வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார். நிறுத்தச் சொல்லவா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். நிறுத்தச் சொன்னேன். புதைத்த நாளுக்குப் பிறகு நான் உள்ளே போனதே இல்லை. இஸ்கந்தரின் கல்மேல் புல் இவ்வளவு வளர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து கையாலேயே பிடுங்கினோம்.

நகத்திலெல்லாம் மண். இன்னும் கழுவவில்லை.